பேய்க்கும் பேருண்டு

பாழ்பட்ட கட்டிடம் எங்கே நிற்கின்றதோ, அங்கே பேய் ஒன்று குடியேறிவிடுவது உலக வழக்கம். மனிதர் வெளியேறிய மறுநாளே கதை உள்ளே நுழைகின்றது. ஐரோப்பியர் தம் பழங்கோட்டைகளில் தலையற்ற அரசிகள் நள்ளிரவில் உலவுவதாகச் சொல்வர். நம்மவர் புளியமரத்தில் முனியையும், பாழ்மண்டபத்தில் மோகினியையும் குடிவைப்பர். மலாய்க்காரர் வாழைத்தோப்பிலே பொந்தியானாவைக் காண்பர். சீனர் ஆண்டுதோறும் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்கு வீதியோரம் உணவு வைப்பர். வேறு பல காரியங்களில் ஒன்றுபட மறுக்கும் சமூகங்கள் பேய்க்கு அஞ்சுவதில் மட்டும் ஒன்றுபட்டிருப்பதைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்கு விளங்குவதில்லை.

பேய் உண்டா, இல்லையா என்ற பழைய வழக்கை மறுபடியும் விசாரிக்க நான் இதை எழுதவில்லை. பேய் இல்லை. இது சிறு வயதிலேயே என் தந்தையாரிடம் நான் கற்ற பாடம். எழுபது வயதைக் கடந்தும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதையும் காணவில்லை. ஆனால், "பேய் இல்லை" என்று சொல்லிவிட்டால் பகுத்தறிவின் வேலை முடிந்துவிட்டது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைப் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒரே கேள்வியால் தகர்த்துவிட்டான். அச்சிறுவன் என் பேரன்.

சென்ற பள்ளி விடுமுறையில் அவனைப் பேராக் மாநிலத்துக்கு அழைத்துச் சென்றேன். கோப்பேங்கிலிருந்து பத்து காஜாவுக்குப் போகும் சாலையோரத்தில், ராயா ஆற்றங்கரை மேட்டின்மேல், செங்கல் மாளிகை ஒன்று நிற்கின்றது. கெல்லியின் கோட்டை என்று அதைச் சொல்கிறார்கள். நுழைவுக் கட்டணம் செலுத்தி மக்கள் திரள் திரளாகச் சென்று பார்க்கின்றனர். பார்க்கச் செல்வோரிற் பாதிப் பேர் கட்டிடத்துக்காகச் செல்வதில்லை, பேய்க்காகச் செல்கின்றனர். நாங்கள் சென்ற அன்றும் இளைஞர் கூட்டம் ஒன்று, பட்டப் பகலிலே கைவிளக்குகளுடன் வந்திருந்தது. அவர்களுள் கதை சொல்லி ஒருவர் இருந்தார். நல்ல குரல்வளம் உடையவர். மேல்மாடி நடையிலே துரையின் ஆவி இரவுதோறும் காவல் சுற்றுகிறதாம். ஓர் அறையிலே வெள்ளைச் சட்டை அணிந்த அவருடைய சிறுமகள் நிற்கிறாளாம். தரையின் கீழே சுரங்க வழிகள் உள்ளனவாம்; அவற்றிலே புகுந்தவர் திரும்பியதில்லையாம்.

என் பேரன் வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். பின்பு என்னிடம் ஓடிவந்து, "தாத்தா! இந்த வீட்டைக் கட்டும்போது நம் ஆட்கள் பலர் காய்ச்சலில் செத்துப் போனார்கள் என்று காரில் வரும்போது சொன்னீர்களே! அந்தத் துரை ஒருவர் பேயாக வருகிறார் என்றால், செத்துப்போன அத்தனை பேரும் ஏன் பேயாக வரவில்லை?" என்று கேட்டான்.

பேய் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவன் கேட்ட கேள்விக்கு விடையன்று என்பது உடனே எனக்குத் தோன்றிவிட்டது. பேசாமல் இருந்தேன்.

அம்மாளிகையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் என்பவர் ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்தவர். இருபது வயதிலே மலாயாவுக்கு வந்தார். காடு வெட்டிச் சாலை போடும் ஒப்பந்த வேலையில் பொருள் சேர்த்தார். பின்பு கிந்தா வட்டாரத்தில் நிலம் வாங்கி, ரப்பர் பயிரிட்டார், ஈயத்திலும் ஈடுபட்டார். தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று தம் சொந்த ஊரின் பெயரைச் சூட்டினார். முதலில் ஒரு வீடு கட்டினார். அது போதாதென்று, 1915இல் இப்பெரிய மாளிகையைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டுவதற்கு ஆட்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்தார்கள். மின்சாரத்தால் மேலேறும் தூக்கி ஒன்று வைக்க வேண்டுமென்று கோபுரத்தினுள்ளே அதற்கு வழியும் விட்டார்கள். அந்த வழி இன்றும் வெறும் குழியாகவே இருக்கின்றது.

1918இன் இறுதியில் உலகத்தைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் மலாயாவுக்குள்ளும் புகுந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை மாய்த்த காய்ச்சல் அது. நெருக்கமான லயங்களிலே, ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று படுத்துக் கிடந்த தோட்டத் தொழிலாளரிடையே அது புகுந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்நோயின் நுண்கிருமியை விஞ்ஞானிகள் மனிதரிடமிருந்து பிரித்தறிந்ததே 1933இல்தான். அன்றைக்கு வைத்தியரும் கைபிசைந்து நின்றனர்; தொழிலாளர் மாரியம்மனை நினைத்ததை நாம் எளிதில் இகழ்ந்துவிட முடியாது. தங்களுக்குக் கோயில் ஒன்று வேண்டும் என்று அவர்கள் துரையிடம் கேட்டார்களென்றும், துரை இணங்கிக் கட்டிக் கொடுத்தார் என்றும் சொல்லப்படுகின்றது. மாளிகைக்குச் சற்றுத் தொலைவில் அக்கோயில் இன்றும் உள்ளது. அதன் கூரைமேலே தெய்வங்களின் வரிசையில் சட்டையும் தொப்பியும் அணிந்த துரை ஒருவரின் பதுமையும் நிற்கின்றது. நன்றி மறவாத மக்கள் வைத்த பதுமை அது.

துரை 1926இல் ஐரோப்பாவுக்குப் பிரயாணம் சென்றார். லிஸ்பன் நகரத்திலே நிமோனியாக் காய்ச்சல் கண்டு மாண்டார். மனைவி மக்கள் திரும்பி வரவில்லை. தோட்டம் கைமாறியது. மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. காடு அதைச் சூழ்ந்துகொண்டது.

இனி அந்தக் கதை சொல்லியின் கதையைச் சற்றே சோதித்துப் பார்ப்போம். சிறுமியாய்த் தோன்றுகிறாள் என்று சொல்லப்படும் அம்மகள் 1904இல் பிறந்தவள். மாளிகை வேலை தொடங்கிய போதே அவளுக்குப் பதினோரு வயது. சுவர் எழுந்து, அறை அறையாகப் பிரிவதற்குள் அவள் சிறுமிப் பருவத்தைக் கடந்திருப்பாள். துரையோ கடலுக்கு அப்பால், பல்லாயிரம் மைல் தொலைவிலே உயிர் நீத்தவர். ஆவிக்குக் கப்பற் கட்டணம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் இம்முற்றுப்பெறாத வீட்டைத் தேடி வந்து காவல் காப்பானேன்? கதவும் கண்ணாடியும் இல்லாத நூறு திறப்புகளின் வழியே காற்று புகுந்து புறப்படும்போது ஓசை எழும். வௌவாலும் குருவியும் இருட்டு மூலையிலே சிறகடிக்கும். ஆற்றிலிருந்து விடியற்காலை மூடுபனி ஏறிவரும். அஞ்சத் தயாராய் வந்தவனுக்கு இவை போதும்.

இவ்வளவும் நான் பேரனுக்கு விளக்கினேன். அவன் தலையசைத்தான். ஆயினும், "சரி தாத்தா, பொய்க்கதைதான். பொய்க்கதையிலேகூட நம் ஆட்கள் ஏன் இல்லை?" என்றான்.

அதுவே கேள்வி. கோயிற் கூரையிலே துரைக்கு உருவம் உண்டு. மாளிகையிலே துரைக்கு ஆவி உண்டு. மண் சுமந்தவனுக்கும், செங்கல் அடுக்கியவனுக்கும், அவர்களுக்குச் சோறாக்கியவளுக்கும் உருவமும் இல்லை, ஆவியும் இல்லை. வெறும் கற்பனையிலே எழும் பேயாவதற்குக்கூட ஒரு பெயர் வேண்டும். ஓர் அறை வேண்டும். "இன்னார் இங்கே இருந்தார்" என்று சுட்டுவதற்கு ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். செல்வனுக்குச் செத்தபின்னும் முகவரி இருக்கின்றது. ஏழைக்கு உயிரோடிருந்த காலத்திலும் அது இருந்ததில்லை.

நம்மவர் பேய்க்கதைகளில் ஒருபோதும் இடம்பெற்றதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இடம்பெற்ற கதை ஒன்றுண்டு. அது சிங்கப்பூரிலே நடந்தது. கெல்லியின் கோட்டைக்கு அறுபது ஆண்டுகட்கு முற்பட்டது. அதில் நம்மவருக்குக் கிடைத்த வேஷம் என்ன என்பதை அறிந்தால், கதையில் இல்லாமல் இருப்பதே மேல் என்று தோன்றும்.

சிங்கப்பூரின் நடுவே, பாடாங் திடலுக்கு அருகில் வெண்மையாய் ஓங்கி நிற்கும் செயிண்ட் அண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திராத நகரத் தமிழர் இரார். இப்போதுள்ளது அவ்விடத்தில் எழுந்த இரண்டாவது கட்டிடம். முதற் கட்டிடம் 1830களில் எழுந்தது. 1842இல் அதன்மேல் உயரமான சிகரம் ஒன்றை ஏற்றினார்கள். 1845இல் அதன்மேல் இடி விழுந்தது. 1849இல் மறுபடியும் விழுந்தது. 1852இல் அபாயமானது என்று கட்டிடத்தை மூடிவிட்டார்கள். வெட்டவெளியில் எல்லாவற்றினும் உயர்ந்து நிற்கும் கூரிய சிகரத்தை மின்னல் நாடுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் அதற்கு நூறாண்டுகட்கு முன்னரே மின்னலின் இயல்பையும் இடிதாங்கியின் பயனையும் உலகுக்கு அறிவித்துவிட்டார்.

ஊரார் பிராங்கிளினைப் படிக்கவில்லை. கோயிலைக் கெட்ட ஆவிகள் பிடித்துக்கொண்டன என்றார்கள். அவற்றுக்கு அஞ்சியே கவர்னர் அங்கே தொழுவதை விட்டுவிட்டார் என்றார்கள். ஆவிகளைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் தேவை. அத்தலைகளைக் கொய்து வரும்படி இரவிலே கைதிகளை ஏவியிருக்கின்றனர் என்றார்கள். இந்த வதந்தி சீனர் தெருக்களிலே காட்டுத் தீயைப் போலப் பரவிற்று. பொழுது சாய்ந்தபின் வெளியே வர மக்கள் நடுங்கினர். முடிவில், அது பொய் என்று அரசாங்கமே அறிக்கை விடவேண்டியதாயிற்று.

அந்தக் கைதிகள் யார்? கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவிலிருந்து நாடு கடத்திய நம்மவர். சென்னை மாகாணத்தாரும், வங்காளத்தாரும், பம்பாய்ப் பக்கத்தாரும் அவர்களுள் இருந்தனர். 1825இல் சுமத்திராவின் பெங்கூலனிலிருந்து முதற் கூட்டம் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிற்று. 1873இல் அந்தச் சிறைமுறை முடியும் வரையில் அந்நகரத்தின் சாலைகளையும், பாலங்களையும், சதுப்பு நிலங்களையும் திருத்தியவர்கள் அவர்களே. இன்று அதிபர் மாளிகையாக விளங்கும் இஸ்தானாவும் அவர்கள் கைப்பட எழுந்ததே.

பாலத்துக்குப் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள். பிள்ளை பிடிப்பவன் வருகிறான், வெளியே போகாதே என்று நான் வளர்ந்த தோட்டத்திலும் தாய்மார் சொல்லுவார்கள். அதை நாங்கள் நம்பினோம். ஆதலின் அன்றைய சீனரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவ்வச்சத்தின் அடியிலே உண்மை ஒன்று மறைந்து கிடக்கின்றது. அதிகாரத்திலுள்ளவர் தம் கட்டிடம் நிற்பதற்காக ஏழையின் தலையைக் கேட்கத் தயங்கார் என்பதே அது. ஆனால் அவ்வுண்மை, பேய்க்கதையின் உடை உடுத்தபோது, கேட்டவனை விட்டுவிட்டு, ஏவப்பட்டவனைக் கொலைகாரனாக்கிற்று. மொழி தெரியாத, நிறம் கறுத்த, காலில் விலங்கு பூண்ட ஒரு மனிதன் மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, தெருவெல்லாம் கதவு சாத்துவதை எண்ணிப் பாருங்கள். அவன் அறியான், தான் பேயின் தூதனாக ஆக்கப்பட்டதை.

அதன்பின் நடந்தது இன்னும் வியப்பு. பழைய கட்டிடத்தை இடித்து, 1856இல் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினர். கட்டியவர்கள் அதே இந்தியக் கைதிகள். அவர்களை மேற்பார்த்த மக்நேர் என்ற அதிகாரி, அவ்வேலையின் விவரங்களை 1899இல் வெளியான நூலில் எழுதி வைத்திருக்கிறார். உட்சுவருக்குப் பூசிய சாந்துக்குச் சென்னைச் சுண்ணம் என்று பெயர். கிளிஞ்சற் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும், கரடான சர்க்கரையையும் சேர்த்துப் பசையாக அடித்து, தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரை அதிலே கலப்பார்கள். பூசி உலர்ந்தபின், வழவழப்பான கல்லால் பளபளக்கும் வரை தேய்ப்பார்கள். நம் நாட்டுச் செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இக்கைத்திறம் புதிதன்று. 1862இல் தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தலை வெட்ட வருகிறார்கள் என்று ஊர் பழித்த அதே கைகள், முட்டையும் சர்க்கரையும் குழைத்து அச்சுவரைப் பாலைப்போல் வெளுக்கச் செய்தன.

இதிலிருந்து நான் கண்டது இதுவே: பேய்க்கதை ஒரு பொய் மட்டுமன்று, அது ஒரு பங்கீடு. யாருக்கு முகம், யாருக்குப் பழி, யாருக்கு மறதி என்று அது பிரித்துக் கொடுக்கின்றது. கெல்லியின் கோட்டையிலே துரைக்கு முகம். சிங்கப்பூர்த் தேவாலயத்திலே கைதிக்குப் பழி. இரண்டிடத்திலும் உழைத்து மாண்டவனுக்கு மறதி.

ஊரைச் சொல்லிவிட்டு என் வீட்டைச் சொல்லாமற் போவது நேர்மையன்று. இம்மறதியில் எனக்கும் பங்குண்டு.

என் பாட்டி, தந்தையாரைப் பெற்றவர், கிந்தா வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர். விஷக்காய்ச்சல் வந்த ஆண்டில் அவருக்குப் பத்து வயதிருக்கும். இரண்டே வாரத்தில் தம் குடும்பத்திலும் பக்கத்து அறையிலுமாக ஏழு பேரை இழந்தார். விடியற்காலையில் ஒருவர், பொழுது சாயும்போது ஒருவர் என்று போனார்களாம். குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லையாம். சாக்கிலே சுற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, ரப்பர் காட்டின் ஓரத்தில் ஒரே பள்ளத்தில் இட்டார்களாம். கல் நடவில்லை. சில ஆண்டுகளில் அங்கேயும் ரப்பர்க் கன்று நட்டுவிட்டார்கள்.

ஆண்டுதோறும் ஐப்பசியில், தீபாவளி கழிந்த ஒரு நாள் மாலை, பாட்டி லயத்தின் கடைசியிலே சாக்கடை ஓரமாக ஏழு வாழையிலைத் துண்டுகளை வரிசையாய்ப் போடுவார். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சோறும், சிறிது கருவாட்டுக் குழம்பும் வைப்பார். பூசாரி இல்லை; மந்திரம் இல்லை; கற்பூரம்கூட இல்லை. ஒவ்வோர் இலையின் முன்னும் குனிந்து, அதற்குரியவரை முறை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பிறகு வந்துவிடுவார்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். ஆனால் படிப்பில் தணியாத ஆசை உள்ளவர். 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து ஈப்போ மாநாட்டிலே பேசியபோது அவர் சிறுவர். அக்கூட்டத்தின் எதிரொலி தோட்டங்களில் நெடுநாள் அடங்கவில்லை. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசைப் பிற்காலத்தில் அவர் லயத்துத் திண்ணையிலே உட்கார்ந்து உரக்க வாசிப்பார். பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். சாதி இல்லை, சடங்கு இல்லை, பேய் இல்லை, பிசாசு இல்லை என்ற சொற்கள் என் செவியில் தாலாட்டைப்போல் விழுந்தன. அதற்காக இன்றும் அவரை வணங்குகிறேன். எங்கள் லயத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பூசாரியிடம் கொண்டு போகாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றவர் அவர். பேயை ஓட்டியதால் பிழைத்த பிள்ளைகள் பலர். பேயோட்டியிடம் சென்றதால் பிழைத்தவரை நான் கண்டதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த ஐப்பசியில், பாட்டி இலை போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, நான் ஓடிப்போய் முதல் இலையிலிருந்த சோற்றை அள்ளி வாயிலே போட்டுக்கொண்டேன். "பாருங்கள் பாட்டி! நான்தான் சாப்பிட்டேன், எந்த ஆவி வந்து சாப்பிட்டது?" என்று கைகொட்டிச் சிரித்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். திண்ணையிலிருந்த என் தந்தையார், "கெட்டிக்காரன்!" என்றார்.

பாட்டி கோபிக்கவில்லை. "சாப்பிடு ராசா. அது எங்க பெரியண்ணன் இலை. அவனும் பசி பொறுக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னார். மற்ற ஆறு இலைகளையும் எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனார். மறு ஆண்டு அவர் இலை போடவில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. பிறகு அவரும் போய்விட்டார்.

அன்று நான் வென்றதாக எண்ணினேன். யாரை வென்றேன் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். பாட்டி பேய்க்கு அஞ்சியவர் அல்லர். இருட்டிலே தனியாக ஆற்றுக்குப் போய் வருவார். பேயாட்டக்காரரைக் கண்டால் "வேலைக்குப் போகச் சோம்பல்" என்பார். அவர் ஆண்டுக்கு ஒருமுறை செய்தது வேறு காரியம். தோட்டத்திலே அதிகாலை இருட்டில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திக் கிராணி பேர் கூப்பிடுவாரல்லவா? வந்தவனுக்குப் பேர் உண்டு. செத்தவன் பேரைக் கோடிட்டு அடித்துவிட்டு, மறு பேரைக் கூப்பிடுவார். அடிபட்டுப்போன ஏழு பேர்களையும் மீண்டும் ஒருமுறை கூப்பிடுவதற்காகப் பாட்டி வைத்த பெரட்டு அது. எழுத்தறியாத அவருக்கு வேறு ஏடு ஏது? சோறு வைத்தது மறக்காமல் இருப்பதற்கு ஓர் உபாயம். நான் சோற்றைத் தின்றேன், ஏடு அழிந்தது. இன்று அவ்வேழு பேரில் ஒருவர் பேரும் எனக்கு நினைவில்லை. "பெரியண்ணன்", "சின்னத்தை", "பக்கத்து வீட்டு அக்கா" என்னும் முறைச்சொற்களின் ஒலி மட்டும் எங்கோ கேட்கின்றது.

இதனால் நான் மீண்டும் படையலுக்கும் பூசாரிக்கும் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். சோற்றை ஆவி உண்ணாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் நாமும் நம் பெரியோர் மறைந்தால் படத்திறப்பு நடத்துகிறோம். நினைவு நாள் கொண்டாடுகிறோம். அவர்கள் பெயரால் நூல்நிலையத்துக்குப் புத்தகம் கொடுக்கிறோம். படத்திலே உயிர் இருக்கிறதென்றா செய்கிறோம்? இல்லை; இருப்பவர் உள்ளத்திலே இறந்தவர் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறோம். பாட்டியின் இலையை நான் பறித்தபோது, அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் எடுத்திருக்க வேண்டும். "அந்த ஏழு பேர் யார், பாட்டி? எந்த ஊர்? எந்தக் கப்பலில் வந்தார்கள்? எங்கே புதைத்தீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். மூடப்பழக்கத்தை நீக்குகிறவன், அதனுள்ளே பொதிந்திருக்கும் நினைவை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகன்றோ உறையை எறிய வேண்டும்? சீர்திருத்தக்காரராகிய நாம் அவசரத்தில் இதைப் பலமுறை மறந்துவிட்டோம்.

பேர் எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குச் சயாம் மரண ரயில் பாதை சாட்சி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட அப்பாதையிலே போர்க்கைதிகளும் மாண்டார்கள். நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவரும் மாண்டார்கள். காஞ்சனபுரிப் போர்க்கல்லறையிலே ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளின் சமாதிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவரவர் பேர் பொறித்த பட்டயத்தைக் கல்லின்மேல் காணலாம். பட்டாளத்தார் பட்டியல் வைத்திருந்தார்கள், தேடினார்கள், கண்டெடுத்தார்கள். நம்மவர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. ஏனெனில் ஆளுக்கொரு வரி எழுதி வைத்தவர் இல்லை.

கெல்லியின் கோட்டையிலிருந்து இறங்கி வரும்போது பேரனுக்கு விடை சொன்னேன். "தம்பி, நம் ஆட்கள் ஏன் பேயாக வரவில்லை என்று கேட்டாயே. பேய் என்பது, இறந்தவர் வருவதன்று. இருப்பவர் சொல்லும் கதை. துரையின் கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நம் ஆட்களின் கதையை நாம் சொல்லவில்லை. என் பாட்டி சொன்னார், நான் சிரித்தேன்" என்றேன். அவன் சிறிது நேரம் மௌனமாக நடந்தான். பின்பு, அச்செங்கற் சுவர் ஒன்றின்மேல் கையை வைத்து, "இதை வைத்தவர் கை இங்கே பட்டிருக்கும் அல்லவா, தாத்தா?" என்று கேட்டான். பட்டிருக்கும் என்றேன். அக்கணத்தில் அவனுக்குப் பேய் மறந்துபோயிற்று.

வீடு திரும்பியதும் அவன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தான். முதற் பக்கத்தில் ஏழு வரி கோடு போட்டு, எனக்கு நினைவிருந்த முறைச்சொற்களை எழுதிக்கொண்டான். பேர் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறான். அவ்விடத்தை நிரப்ப இனி எவராலும் முடியாது. இரண்டாம் பக்கத்தில் பாட்டியின் பேரையும், மூன்றாம் பக்கத்தில் என் தந்தையார் பேரையும் எழுதினோம்.

வாசகர்காள்! பழைய மாளிகைகளுக்கும், சிறைகளுக்கும், கைவிடப்பட்ட தோட்டங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பேய்க்கதை கேட்டால் சிரித்துக் கேளுங்கள், கேட்டு முடிந்ததும், "இதைக் கட்டியவர் யார்?" என்று ஒரு வார்த்தை கேட்கப் பழக்குங்கள். உங்கள் வீட்டிலே பேர் சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், இன்று மாலையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் சோறு வைத்துச் சொன்னாலும் சரி, கண்ணீர் விட்டுச் சொன்னாலும் சரி, சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.